கார் ஓடுகிறது; கடன் யார் தலையில்?

2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் அடைக்கப்பட்ட வாகன இறக்குமதிக் கதவு 2025ஆம் ஆண்டு பெப்ரவரி முதலாந் திகதி தனியார் கார்களுக்கும் திறக்கப்பட்டது. அன்று தொடக்கம் நாடெங்கும் ஒரே பேச்சு. எந்தக் காருக்கு எவ்வளவு தீர்வை, யப்பானிலிருந்து பழையதை எடுப்பதா, சீனத்து மின்காரைப் புதிதாக வாங்குவதா என்பதே அந்தப் பேச்சு. திறைசேரி வரப்போகும் வரியை எண்ணிற்று. வியாபாரி இலாபத்தை எண்ணினான். வாங்குவோர் தவணைப் பணத்தை எண்ணினர். ஆனால், அந்தக் கார் உருவாவதற்காக எந்த நாட்டின் மண் கிழிக்கப்பட்டது, ஓடும் காலத்தில் அது எதை எரித்து எதைச் சிந்தும், ஓடி ஓய்ந்தபின் அதன் எண்ணெயும் ஈயமும் எந்த ஊர்க் காணியில் ஊற்றப்படும் என்று எண்ணிப் பார்த்தவர் எத்தனை பேர்?

எண்ணப்படாமையால் ஒரு கடன் இல்லாமற் போய்விடுவதில்லை. யாரோ ஒருவர் அதைச் செலுத்தியே தீரவேண்டும். காரின் கடனைப் பெரும்பாலும் செலுத்துகின்றவர் காரில் ஒருநாளும் ஏறியிராத மனிதரே என்பது நமது குற்றச்சாட்டு. குற்றஞ்சாட்டுபவன் சான்று காட்டக் கடமைப்பட்டவன். ஆதலால் காரின் பிறப்பு முதல் இறப்பு வரையுள்ள வரலாற்றை வாசகர் முன் வைக்கின்றோம்.

பிறந்த கதை

ஒரு சாதாரண கார் ஒரு தொன்னுக்கு மேற்பட்ட எடையுடையது. அதிற் பெரும்பகுதி உருக்கு. ஒரு தொன் உருக்கை ஆக்கும்போது ஏறக்குறைய 2 தொன் காபனீரொட்சைட்டு வானில் ஏறுகின்றது. அலுமினியத்தின் கதை அதனினும் கொடிது. ஒரு தொன் அலுமினியத்தைப் பிரித்தெடுக்க 14,000 அலகுக்கு மேற்பட்ட மின்சாரம் வேண்டும். அதன் மூலப்பொருளான பொக்சைற்றைச் சுத்திகரிக்கையில் எஞ்சுவது கொடுங் காரஞ் சேர்ந்த செஞ்சேறு. 2010ஆம் ஆண்டு ஒக்ரோபர் 4ஆந் திகதி ஹங்கேரி நாட்டின் அய்கா என்னும் இடத்தில் அத்தகைய சேற்றுத் தேக்கமொன்று உடைந்து கிராமங்களுட் புகுந்தது. 10 பேர் மாண்டனர்.

இவை தூர தேசத்துச் செய்திகள் என்று தள்ளிவிட வேண்டா. காரின் வெள்ளைப் பூச்சைப் பாருங்கள். அந்த வெண்மையைத் தருவது தைத்தானியம் ஈரொட்சைட்டு. அது இல்மனைற் என்னும் கரு மணலிலிருந்து எடுக்கப்படுவது. அந்த மணலை நம் புல்மோட்டைக் கரையிலிருந்து அகழ்ந்து ஏற்றுமதி செய்யும் அரச நிறுவனம் 1957ஆம் ஆண்டிலிருந்து தொழிற்படுகின்றது. மன்னார்த் தீவிலும் அதே மணலின் மீது கண் வைத்தார்கள். 2025ஆம் ஆண்டில் அத்தீவு மக்கள் வீதிக்கு இறங்கிப் போராடினார்கள். கரை நம்முடையது, மணல் அந்நியச் சந்தைக்குப் போகின்றது, பூச்சாகித் திரும்பி வரும்போது நாமே விலை கொடுத்து வாங்குகின்றோம்.

ரயரைப் பாருங்கள். உலகில் விளையும் இயற்கை றப்பரில் ஏறக்குறைய பத்தில் ஏழு பங்கு ரயருக்கே போகின்றது. 1876ஆம் ஆண்டு கியூ பூங்காவிலிருந்து வந்த றப்பர்க் கன்றுகள் ஹெனரத்கொடையில் நடப்பட்டன. 1908இல் ஃபோர்ட் கம்பனி மலிவான காரை வெளியிட்டு, 1913இல் நகரும் பொருத்து வரிசையை அமைத்தபின் றப்பருக்குப் பிறந்த பசி, மலாயாக் காடுகளையும் களுத்துறை, கேகாலை, இரத்தினபுரி மலைச்சாரல்களையும் றப்பர்த் தோட்டங்களாக்கிற்று. அந்தத் தோட்டங்களிற் பால் வெட்டிய கைகளிற் பெரும்பாலானவை தமிழ்க் கைகள். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் அந்தத் தொழிலாளருக்கு என்ன கைம்மாறு செய்தது என்பதை இப்பத்திரிகையின் வாசகருக்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை. கார் யுகத்தின் முதற் கடனைச் செலுத்தியவர்களில் நம்மவரும் உளர்.

ஓடும் காலம்

இனி வீதிக்கு வருவோம். ஒரு லீற்றர் பெற்றோல் எரிந்தால் 2.3 கிலோ காபனீரொட்சைட்டு வெளியாகும். லீற்றருக்கு 12.5 கிலோமீற்றர் ஓடும் கார், தன் ஆயுளில் 2 இலட்சம் கிலோமீற்றர் ஓடுவதாகக் கொள்வோம். அது குடிக்கும் பெற்றோல் 16,000 லீற்றர். அதாவது, காரின் எடையைப்போல் ஏறக்குறைய பத்து மடங்கு. அதனால் எழும் காபனீரொட்சைட்டு ஏறக்குறைய 37 தொன். எண்ணெயைத் தோண்டவும், சுத்திகரிக்கவும், கப்பலேற்றவும் ஆகும் புகை இதற்கு மேலதிகம். பெற்றோற் காரின் வாழ்நாட் புகையில் பெரும்பங்கு அதன் உற்பத்தியில் அன்று, ஓட்டத்திலேயே உண்டாகின்றது என்பதை இக்கணக்கு காட்டுகின்றது.

இதில் ஒரு பழைய பாடமும் உண்டு. எஞ்சினின் தட்டுச் சத்தத்தை அடக்குவதற்காக 1923ஆம் ஆண்டில் அமெரிக்காவிற் பெற்றோலில் ஈயத்தைக் கலந்து விற்கத் தொடங்கினர். ஈயம் நஞ்சு என்பது அன்றே வைத்தியர் அறிந்த உண்மை. ஆயினும் இலங்கையில் ஈயப் பெற்றோல் ஒழிய 2002ஆம் ஆண்டு வரவேண்டியிருந்தது. உலகின் கடைசி நாடாக அல்ஜீரியா 2021இல் அதைக் கைவிட்டது. ஏறத்தாழ நூறு ஆண்டுகளாகக் குழந்தைகளின் மூளைக்கு ஊறு செய்த பொருளை, எஞ்சின் இதமாக ஓடுகின்றது என்பதற்காக உலகம் பொறுத்துக்கொண்டது. வாகனத்தின் வசதி ஒருபுறமும் மனிதரின் உடல் மறுபுறமும் தராசில் வைக்கப்பட்டபோது தராசு எப்பக்கம் சாய்ந்தது என்பதற்கு இதனினும் பெரிய சான்று வேண்டுமா?

2022ஆம் ஆண்டை நம் மக்கள் மறந்திருக்க முடியாது. டொலர் தீர்ந்தது, எண்ணெய்க் கப்பல்கள் கடலில் நின்றன, நகரங்களில் நாட்கணக்காக வரிசைகள் நீண்டன. அவ்வாண்டு பங்கீட்டு முறை வந்தபோது ஒரு காருக்கு வாரத்திற்கு 20 லீற்றர் பெற்றோல். மோட்டார்ச் சைக்கிளுக்கு 4 லீற்றர். அதே ஆண்டு ஓகஸ்ற் மாதத்தில் மண்ணெண்ணெயின் விலை லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஒரே இரவில் உயர்த்தப்பட்டது. மண்ணெண்ணெய் யாருடைய எரிபொருள்? வெங்காயத்திற்கும் புகையிலைக்கும் நீர் இறைக்கும் கமக்காரனுடையது, படகை ஓட்டும் கடற்றொழிலாளியுடையது, மின்சாரமில்லாத குடிசையினுடையது. ஒரே கப்பலில் வந்த எண்ணெயில் பயிருக்கும் சவாரிக்கும் போட்டி ஏற்பட்டால் பயிர் முந்தவேண்டும் என்பது அறம். அரசாங்கத்தின் கணக்கு அவ்வாறு அமைந்திருந்ததா என்பதை இறைப்பு இயந்திரத்தை நிறுத்திவிட்டு வாடிய பயிரைப் பார்த்து நின்றவரே சொல்லட்டும்.

சுண்ணாம்புக் கல்லின் மேல் வாழ்பவர் நாம்

காரின் முடிவுதான் நம்மை மிக நெருங்கிப் பாதிப்பது. யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லை. மாரி மழை சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகளினூடு இறங்கித் தேங்கும் நிலத்தடி நீரே நமக்குக் குடிநீரும் பயிர் நீரும். அந்தக் கல் துளையுள்ளது, வெடிப்புள்ளது. மேலே ஊற்றியது கீழே இறங்கும். ஒரு முறை எஞ்சினில் மாற்றும் எண்ணெய் 10 இலட்சம் கலன் நன்னீரைக் கெடுக்க வல்லது என்று அமெரிக்கச் சுற்றாடல் பாதுகாப்பு முகவரகம் எச்சரிக்கின்றது. கராஜின் பின்புறத்து மண்ணில் ஊற்றப்படும் கறுத்த எண்ணெயும், பழைய பற்றரியை உடைக்கும்போது சிந்தும் அமிலமும், அதன் ஈயத் தூளும் எங்கே போகின்றன என்பதைச் சொல்ல விஞ்ஞானி வேண்டியதில்லை. அயற் காணிக் கிணறு சொல்லும்.

எண்ணெய் கிணற்றுக்குள் வந்தால் என்ன நிகழும் என்பதைச் சுன்னாகம் நமக்குக் காட்டியது. அங்கே குற்றவாளி கார் அன்று. எண்ணெய் எரித்து மின்சாரம் ஆக்கிய நிலையம். ஆயினும் கல் அதே கல், நீர் அதே நீர். கிணறுகளில் எண்ணெய் மிதந்தது. மக்கள் தாங்கி வண்டியில் வரும் நீருக்குக் குடத்தோடு நின்றனர். 2015இல் தொடுக்கப்பட்ட அடிப்படை உரிமை வழக்கில் 2019ஆம் ஆண்டு ஏப்பிரலில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாசுபடுத்தியவனே விலை கொடுக்கவேண்டும் என்ற நெறியை ஏற்று, பாதிக்கப்பட்டோருக்கு 2 கோடி ரூபா இழப்பீடு செலுத்துமாறு மின் நிறுவனத்துக்குக் கட்டளையிட்டது. 2000ஆம் ஆண்டில் எப்பாவல பொஸ்பேற்று வழக்கிலும் அதே நீதிமன்றம் இந்த நெறியைப் போற்றியிருந்தது. ஆகவே, மாசுபடுத்தியவனே விலை கொடுக்கவேண்டும் என்பது நமது ஆசை மட்டுமன்று. இந்நாட்டின் உயர் நீதிமன்றம் ஏற்ற சட்டம்.

ரயரையும் மறத்தலாகாது. கைவிடப்பட்ட ரயரில் மழைநீர் தேங்க, அதில் நுளம்பு பெருகுகின்றது. 2017ஆம் ஆண்டில் இந்நாட்டில் 1 இலட்சத்து 86 ஆயிரம் பேருக்கு மேல் டெங்குக் காய்ச்சலுக்கு ஆளாயினர். எல்லாம் ரயரால் வந்தவை என்று நாம் சொல்லவில்லை. ஆனால், வீட்டு வளவில் ரயர் கண்டால் வறியவனை நீதிமன்றுக்கு இழுக்கும் சட்டம், அந்த ரயரை நாட்டுக்குள் கொண்டுவந்து இலாபம் கண்டவனை ஒரு வார்த்தையேனும் கேட்டதுண்டா?

ஈமச் செலவுப் பணம் எங்கே?

இனி நாம் சொல்லப்போவதை வாசகர் ஊன்றிக் கவனிக்க வேண்டும். யப்பானில் 2005ஆம் ஆண்டு முதல் நடைமுறையிலுள்ள வாகன மீள்சுழற்சிச் சட்டத்தின்படி, கார் வாங்குபவர் அந்தக் காரின் இறுதிச் செலவுக்கான கட்டணத்தை முன்கூட்டியே வைப்பிலிடவேண்டும். குளிரூட்டி வாயுவை மீட்பதற்கும், காற்றுப் பைகளை அகற்றுவதற்கும், நொறுக்கியபின் எஞ்சும் குப்பையை ஒழிப்பதற்கும் உரிய பணம் அது. காரின் ஈமச் செலவை அது பிறந்தபோதே எடுத்து வைக்கும் நல்ல சட்டம். ஆனால், அந்தக் கார் பழையதாகி வெளிநாட்டுக்கு ஏற்றுமதியானால், வைப்பிலிட்ட பணத்தைத் திருப்பிப் பெற்றுக்கொள்ளும் உரிமையும் அதே சட்டத்தில் உண்டு!

பிணம் இங்கே வருகின்றது. ஈமச் செலவுப் பணம் அங்கேயே திருப்பிக் கொடுக்கப்படுகின்றது. யப்பானியரை நாம் குறை கூறவில்லை. அவர்கள் தம் மண்ணைக் காக்கச் சட்டம் செய்தார்கள். ஐரோப்பிய ஒன்றியமும் 2000ஆம் ஆண்டிலேயே உற்பத்தியாளர் மீது பொறுப்பைச் சுமத்தி, 2015ஆம் ஆண்டுக்குள் காரின் எடையில் 95 வீதத்தை மீட்டெடுக்க வேண்டும் என்று விதித்தது. நம் மண்ணைக் காக்கவேண்டிய பாராளுமன்றம் என்ன செய்தது?

1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் போக்குவரத்துச் சட்டம் காரைப் பதிவு செய்கின்றது, அனுமதிப்பத்திரம் வழங்குகின்றது. 1998இல் கொழும்புச் சட்டத்தரணி ஒருவர் வாகனப் புகைக்கெதிராக உயர் நீதிமன்றை நாடியதன் பின்னரே புகைக்கு அளவு விதிக்கப்பட்டது. 2008இலிருந்து புகைப் பரிசோதனை நடைபெறுகின்றது. 2019இல் காபன் வரி என்று ஒன்று வந்தது. ஆட்சி மாறியதும் அது அகற்றப்பட்டது. 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடற் சட்டத்தின் கீழ்க் கழிவு எண்ணெய்க்கும் பற்றரிக்கும் ஒழுங்குவிதிகள் உண்டு. ஆனால் இறக்குமதியாளனை நோக்கி, ‘நீ கொண்டுவந்த காரின் இறுதிக்கு நீயே பொறுப்பு’ என்று சொல்லும் முழுமையான சட்டம் நம் சட்டப் புத்தகத்தில் இல்லை. துறைமுகத்திற் காரைக் கண்டதும் வரிக்குக் கை நீட்டும் அரசு, அது கறல் பிடித்துக் கிடக்கும்போது அதைக் காணாதது போலக் கடந்து போகின்றது.

மின்கார் மருந்தாகுமா?

‘மின்கார் வந்துவிட்டது; இனிக் கவலை இல்லை’ என்று சிலர் கூறுவர். அதில் உண்மையுண்டு, முழு உண்மை இல்லை. 2021ஆம் ஆண்டில் சுத்தப் போக்குவரத்துக்கான சர்வதேச மன்றம் வெளியிட்ட ஆய்வின்படி, பிறப்பு முதல் இறப்பு வரை கணக்கிட்டால், ஐரோப்பாவில் மின்காரின் வெப்ப வாயுப் பாரம் பெற்றோற் காரினதிலும் 66 முதல் 69 வீதம் குறைவு. நிலக்கரி மின்சாரம் மிகுந்த இந்தியாவிலோ அது 19 முதல் 34 வீதமே குறைவு. மின்கார் நல்லதா என்பதை, அதற்கு மின்சாரம் ஊட்டும் நிலையமே பெரிதும் தீர்மானிக்கின்றது. நம் நாட்டிலோ நுரைச்சோலையில் 900 மெகாவாற்று நிலக்கரி நிலையம் உண்டு. இரண்டாவது நிலக்கரி நிலையமொன்றைச் சம்பூரில் நாட்ட முயன்றார்கள். 2006இல் போரால் விரட்டப்பட்ட தமிழரின் ஊர் அது. 2016இல் அத்திட்டம் கைவிடப்பட்டதாக உயர் நீதிமன்றுக்கு அறிவிக்கப்பட்டது. கொழும்பு வீதியிற் புகையின்றி ஓடும் காருக்காகச் சம்பூர்ப் பிள்ளை சாம்பலைச் சுவாசிப்பதை முன்னேற்றம் என்று நாம் ஏற்பதற்கில்லை.

பற்றரிக்கும் ஒரு பிறப்பு உண்டு. 60 கிலோவாற்று மணிப் பற்றரியொன்றை ஆக்கும்போது 3 முதல் 6 தொன் வரை காபனீரொட்சைட்டு எழும். கோபால்டில் பத்தில் ஏழு பங்குக்கு மேல் கொங்கோ நாட்டிலிருந்து வருகின்றது. அங்கே சிறுவர்கள் சுரங்க வேலை செய்வதை 2016இல் சர்வதேச மன்னிப்புச் சபை அம்பலப்படுத்தியது. உலக நிக்கலில் அரைவாசிக்கு மேல் தரும் இந்தோனேசியாவில் அதை உருக்குவதற்கே தனி நிலக்கரி நிலையங்கள் எழுந்துள்ளன. கோபால்டும் நிக்கலும் வேண்டாத பற்றரிகள் இப்போது பெருகி வருவது நற்செய்தியே. ஆனால் அந்தப் பற்றரியும் ஒருநாள் சாகும். பிற நாட்டில் வலுவிழந்த பற்றரியோடு பழைய மின்கார்கள் இங்கு வந்திறங்கினால், ஈயத்தோடு லித்தியமும் நம் கிணற்றடியைத் தேடி வரும்.

எதிர்வாதத்துக்கு விடை

‘இந்தச் சிறு நாட்டின் புகையால் உலகு அழிந்துவிடுமா? மேல்நாட்டார் நூறு ஆண்டுகள் சவாரி செய்தபின் நமக்கு மட்டும் உபதேசமா?’ என்று கேட்பவர் உளர். நியாயமான கேள்வி. வானத்துக் கணக்கில் நம் பங்கு சிறிது என்பதை ஒப்புக்கொள்கின்றோம். ஆனால் கிணற்றுக் கணக்கில் நம் பங்கு முழுவதும் நம்முடையதே. சுன்னாகத்துக் கிணற்றை நியூயோர்க்கில் உள்ளவர் வந்து கழுவித் தரப்போவதில்லை.

‘முப்பது ஆண்டுகள் போரிற் பட்டினி கிடந்தவர் நாம், இப்போதாவது கார் வைத்திருக்க விடமாட்டீரா?’ என்றும் கேட்பர். பொருளாதாரத் தடைக் காலத்தில் மண்ணெண்ணெயில் ஓடிய ஒஸ்ரின், மொறிஸ் கார்களை நாம் மறக்கவில்லை. நோயாளியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு சென்றவை அவையே. கார் வேண்டாம் என்பது நம் வாதமன்று. கார் வைத்திருப்பவர் அதன் முழுச் செலவையும் தாமே ஏற்கவேண்டும். அயலவன் கிணற்றின் மீது அதைச் சுமத்தலாகாது என்பதே வாதம். அன்றியும், நம் மக்களிற் பெரும்பாலோர் காருக்காக அன்று, நேரத்துக்கு வரும் பஸ்சுக்காகவே காத்து நிற்கின்றனர். 1990இல் நின்றுபோன யாழ்தேவி மீண்டும் யாழ்ப்பாணம் வந்து சேர 2014 ஒக்ரோபர் ஆயிற்று. ஒரு புகைவண்டி சுமக்கும் மக்களைக் கார்களில் ஏற்றினால் எத்தனை நூறு கார்கள் வேண்டும் என்பதைப் படித்தவர் எண்ணிப் பார்க்கட்டும்.

நாம் கோருவன

முதலாவது, இறக்குமதியாகும் ஒவ்வொரு காருக்கும் இறுதிச் செலவு வைப்புப் பணம் அறவிடப்படவேண்டும். அது திறைசேரியின் பொதுப் பையில் விழாமல் தனி நிதியத்தில் இருத்தல் வேண்டும். காரை அனுமதி பெற்ற பிரிப்பு நிலையத்தில் ஒப்படைக்கும் கடைசி உரிமையாளருக்கு அதில் ஒரு பங்கு திருப்பித் தரப்படவேண்டும்.

இரண்டாவது, ஏற்றுமதியாகும் பழைய காருக்காக யப்பானில் திருப்பிக் கொடுக்கப்படும் மீள்சுழற்சிக் கட்டணம் காரைத் தொடர்ந்து இந்நாட்டு நிதியத்துக்கு வரவேண்டும் என்று அரசாங்கம் யப்பானோடு பேசவேண்டும்.

மூன்றாவது, குடாநாட்டின் ஒவ்வொரு பிரதேச சபையும் தன் எல்லையிலுள்ள கராஜ்களையும் சேவை நிலையங்களையும் பட்டியலிட்டு, கழிவு எண்ணெயையும் பற்றரியையும் சேகரிக்க ஒழுங்கு செய்தல் வேண்டும். அயற் கிணற்று நீரைக் காலந்தோறும் பரிசோதித்து, முடிவைத் தமிழில் மக்களுக்கு அறிவித்தல் வேண்டும். சிறு கராஜ்காரனைத் தண்டிப்பது நோக்கமன்று. எண்ணெயைக் கொண்டுபோய்க் கொடுக்க ஓர் இடம் காட்டாமல் அவனைத் தண்டிப்பது நீதியுமன்று.

நான்காவது, 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாந் திருத்தம் மாகாணச் சுற்றாடற் பாதுகாப்பை மாகாண சபைக்கும் உரித்தாக்கியுள்ளது. வடமேல் மாகாணம் 1990இலேயே தனக்கெனச் சுற்றாடல் நியதிச்சட்டம் இயற்றிக்கொண்டது. 2013 முதல் 2018 வரை இருந்த வட மாகாண சபை அந்த வழியிற் செல்லவில்லை. அதன்பின் தேர்தல் ஆண்டுக்கணக்காகப் பின்போடப்பட்டது. தன் நீரைக் காக்கும் சட்டத்தைத் தானே செய்யும் அதிகாரம் இல்லாத மக்கள், பிறர் கொட்டும் குப்பைக்குக் குழியாகவே இருப்பர். சுயாட்சி என்பது கொடியும் மேடையும் மட்டுமன்று. கிணற்று நீரைக் காக்கும் உரிமையும் அதுவே.

ஐந்தாவது, வாகன வரியில் ஒரு நியாயமான பங்கு வடக்கு கிழக்கின் பஸ் சேவைக்கும் புகைவண்டிக்கும் ஒதுக்கப்படவேண்டும்.

இறுதியாக, கார் வாங்கும் வசதியுள்ள சட்டத்தரணிகளுக்கும் வைத்தியர்களுக்கும் பொறியியலாளர்களுக்கும் ஒரு வார்த்தை. தீர்வைச் சலுகைக்காகத் திணைக்களந் தோறும் மனுக் கொடுக்க நமக்கு நேரம் கிடைத்தது. உங்களைப் படிப்பித்த பணம் பெரும்பாலும் கமத்தில் விளைந்த பணம். அந்தக் கமத்தை விளைவித்தது கிணற்று நீர். நீங்கள் அடுத்த முறை எண்ணெய் மாற்றும்போது, பழைய எண்ணெய் எங்கே போகின்றது என்று கராஜில் ஒரு கேள்வி கேளுங்கள். விடை திருப்தியாயில்லையெனில் பிரதேச சபைக்கு எழுதுங்கள்; அங்கும் விடையில்லையெனில் வழக்குத் தொடுக்கச் சட்டத்தரணிகள் உளர். கமக்காரரே, உங்கள் கிணற்று நீரின் பரிசோதனை அறிக்கையைக் கேட்டுப் பெறுங்கள். அது உங்கள் உரிமை. சுன்னாகத்து மக்களுக்கு நீதி கிடைத்தது அவர்கள் கிணறு கெட்ட பின். நமது கிணறு கெடுமுன் சட்டம் வரவேண்டும்.